கண்ணை வெளுக்கும் வேலை

பிப்ரவரி 9

ஊமைக்கோட்டானுக்கு,

அத்தை எழுதுவது. எனக்கு ஒரு குறையும் இல்லை. உனக்கும் இருக்காது, இருந்தாலும் நீ சொல்லப்போவதில்லை. போன வாரம் போனில் நான் கேட்டதற்கெல்லாம் ‘ம்’ கொட்டினாய். சுவரோடு பேசுவதென்றால் எனக்கு இங்கேயே நிறையச் சுவர் இருக்கிறது. பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டாலும் உன் கையெழுத்து உன் அப்பனுடையதைவிட மேல். வாய் வராவிட்டால் கையால் பதில் சொல்.

உன் அப்பனைப் பற்றிக் கேட்கத்தான் எழுதுகிறேன். போன மாதம் எங்கள் ஹோட்டலில் வேலைக்காரர்களுக்குப் புத்தி சொல்ல ஒரு டாக்டரைக் கூட்டிவந்தார்கள். கல்லீரலைப் பற்றிப் பேசினார். துவைக்கிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார்கள். மாடி பெருக்குகிறவள் டாக்டரின் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது கொடுத்துக் கேட்டவள் நான் ஒருத்திதான். குடித்தே ஈரலை ஊறப்போட்ட தம்பி இருப்பவள் கேட்கத்தானே வேண்டும்?

கல்லீரல் கெட ஆரம்பித்தால் சத்தம் போடாதாம். வலிக்கக்கூடச் செய்யாதாம். உன்னைப் போல ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, பெரும்பகுதி போன பிறகுதான் வாயைத் திறக்குமாம். அதற்கு முன்னால் நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். காலையில் வெளிச்சத்தில் உன் அப்பனை நிற்கவைத்து, கீழ் இமையை இழுத்து, கண்ணின் வெள்ளை வெள்ளையாக இருக்கிறதா என்று பார். விளக்கு வெளிச்சத்தில் பார்க்காதே. சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகிறதா என்று கேள். சும்மா உட்கார்ந்திருந்தாலும் சோர்வாக இருக்கிறதா என்று கேள். முக்கியமாக, பாதத்தின் மேல் விரலால் அமுக்கி எடு. குழி விழுந்து அப்படியே நிற்கிறதா, உடனே மேலே வருகிறதா? இதை மறக்காமல் எழுது.

எனக்கு வந்த கேடெல்லாம் புதுச் சலவைப் பொடிதான். மலிவானதை வாங்கியிருக்கிறார்கள். உள்ளங்கையும் முதுகும் அரிக்கிறது. ஹோட்டலுக்கு நட்சத்திரம் வேறு கொடுத்திருக்கிறார்கள்.

அத்தை

பிப்ரவரி 24

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம். நன்றாக என்று சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் அரிப்பு குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் சொன்னபடி அப்பாவை வாசலில் நிற்கவைத்து இமையை இழுத்துப் பார்த்தேன்.

“என்னடி, உள்ள சாவி ஏதும் மாட்டிக்கிச்சா?” என்றார். பூட்டு ரிப்பேர் செய்கிறவருக்கு உலகமே சாவித் துவாரம்தான்.

“அத்த பாக்கச் சொன்னாங்க.”

“உங்க அத்தைக்கு நான் உயிரோட இருக்கறதுல என்ன வருத்தம்?”

கண் வெள்ளையாகத்தான் இருந்தது, அத்தை. மோர் மாதிரி வெள்ளை. முந்தின இரவு தட்டுத்தடுமாறி வந்து, செருப்போடு படுத்து, பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டே தூங்கியவருக்கு எப்படித்தான் அந்தக் கண் வாய்த்ததோ. சோர்வாக இருக்கிறதா என்று கேட்டேன். வேலையைப் பார்த்தால் மட்டும் இருக்கிறதாம். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. எனக்கு வைத்திருந்ததையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டார்.

போட்டோ ஸ்டுடியோவில் எனக்கு இப்போது பின்னறையில் வேலை. முன்னால் உட்காரச் சொன்னார்கள். ஆட்கள் வந்து முகத்தைப் பார்த்துப் பேசினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று முதலாளிக்கே தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டரில் படங்களை டச்சப் செய்கிறேன். இங்கே முகங்கள் பேசாது. அது எனக்கு வசதி. வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள், கல்யாணத்துக்குப் படம் அனுப்புகிறவர்கள், எல்லாருக்கும் ஒரே ஆசைதான். வேறு யாரோ மாதிரி தெரிய வேண்டும். நேற்று ஒருவர் தனக்கு இல்லாத கழுத்தைக் கேட்டார். வைத்துக் கொடுத்தேன்.

உங்கள் மருமகள்

மார்ச் 12

மருமகளே,

உன் கடிதம் வந்தது. நீ எழுதினால் மட்டும் வாயாடி என்று தெரிகிறது. நான் எப்போதும் போல் இருக்கிறேன்.

உன் அப்பன் கண் மோர் மாதிரி இருந்தது என்பதை நான் நம்பவில்லை. நீ பயந்து பயந்து பார்த்திருப்பாய். அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கச் சொல். வரமாட்டேன் என்றால் நான் நேரில் வருவேன் என்று சொல், ஓடி வருவான். பாதத்தை அமுக்கிப் பார்த்தாயா? அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் முக்கியமாக என்று எழுதியது உனக்குக் கண்ணில் படவில்லையா?

இங்கே சமையல்காரன் மாறிவிட்டான். புதியவன் எண்ணெயில் குளித்துவிட்டு வந்து சமைப்பான் போல. அந்த வாடை படிக்கட்டில் வரும்போதே எனக்குக் குமட்டுகிறது. ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். கைக்கடிகாரப் பட்டையில் புது ஓட்டை போட வேண்டியதாயிற்று. மெலிந்தது நல்லதுதான், மேனேஜர்கூட ‘என்ன மேடம், டயட்டா?’ என்றார். அவருக்கு வயிறு மேஜைக்கு முன்னால் வந்து நிற்கும், பிறகுதான் அவர் வருவார்.

முழங்கால் வலிக்கு இஸ்திரி போடுகிறவள் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறாள். டப்பாவில் பெயர்கூட இல்லை, வெறும் வேரும் இலையும்தானாம். சும்மா சொல்லக்கூடாது, படி ஏற முடிகிறது. ஆறு மாதமாய் விடாமல் சாப்பிடுகிறேன். அவள் கொடுத்ததிலேயே உருப்படியான பொருள் அது ஒன்றுதான். மற்றபடி என் நாற்காலி எப்போது காலியாகும் என்று பார்த்துக்கொண்டு திரிகிறவள். துணி அறையின் சாவி என் இடுப்பில் இருக்கும்வரை அது நடக்காது. நேற்றுக்கூட அவள் மடித்து வைத்த விரிப்புகளில் பாதியைத் திருப்பி எறிந்தேன். மஞ்சள். அவளுக்குத் தெரியவில்லையாம். எனக்கு வாசலிலிருந்தே தெரிகிறது.

என் வேலை அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். படம் எடுத்து அனுப்புவேன், நீ சரிசெய்து கொடு.

அத்தை

ஏப்ரல் 2

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் சாப்பிட்டீர்களா என்று முதலில் கேட்டுவிடுகிறேன். ராத்திரியில் ஏதாவது பழமாவது சாப்பிடுங்கள்.

உங்கள் பெயரைச் சொன்னதும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆஸ்பத்திரி வரிசையில் எல்லாரோடும் பேசி, யாருக்கு என்ன நோய் என்று தெரிந்துகொண்டார். எனக்கு அவர் பக்கத்தில் உட்காரவே கூச்சமாக இருந்தது. டாக்டரம்மா சின்ன வயது. நிமிராமலே கேட்டார்.

“எண்ணெய் வாடை பட்டா குமட்டுதா?”

“பில்லப் பாத்தாதாம்மா குமட்டும்.”

“உடம்பு அரிக்குதா? படை எதுவும் இல்லாம, சும்மாவே?”

“எனக்கு அரிக்கல. என்னப் பாத்தா எங்க அக்காவுக்குத்தான் அரிக்கும்.”

“காரணமில்லாம எடை குறைஞ்சிருக்கா?”

“எம் பொண்ணு சமையலச் சாப்பிட்டும் குறையல, பாத்துக்குங்க.”

டாக்டரம்மா அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பாவம் என்பது போல. எனக்கு அவர்கள் இருவர் மேலும் எரிச்சலாக வந்தது.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ஈரலில் கொஞ்சம் கொழுப்பு இருக்கிறதாம். மற்றபடி நன்றாக இருக்கிறாராம். இன்றே குடியை நிறுத்தினால் அதுவும் சரியாகிவிடும் என்றார். நன்றாக இருக்கிறார் என்பதை மட்டும் அப்பா எடுத்துக்கொண்டார். அன்று மாலை அதைக் கொண்டாடக் கிளம்பிவிட்டார். திரும்பி வந்து, “எக்ஸ்ரேல என் ஈரல் சிரிக்குதுடி” என்றார். எக்ஸ்ரே எடுக்கவே இல்லை.

உங்கள் மருமகள்

ஏப்ரல் 20

மருமகளே,

நான் சௌகரியம். உன் கடிதத்தைப் படித்த பிறகு அதுவும் குறைந்தது.

ஒன்றுக்கும் உதவாத ஆளுக்கு உடம்பை மட்டும் ஆண்டவன் இரும்பில் செய்து கொடுத்திருக்கிறான். வாழ்நாளில் ஒரு பொருளை அவன் ஒழுங்காக வைத்துக்கொண்டதில்லை. குடையைத் தொலைத்தான், சைக்கிளைத் தொலைத்தான், உன் அம்மா இருந்தவரை அவளையும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளவில்லை. ஈரலை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறானாம்.

பாதம். பாதம். மறுபடியும் எழுதவில்லை. உனக்குப் படிக்கத் தெரியுமா, தெரியாதா? அவன் பாதத்தில் குழி விழுகிறதா, இல்லையா? எங்கள் அப்பாவுக்குக் கால் கொஞ்சம் தடித்த வாகு. அதனால் கேட்கிறேன். எனக்கே சாயங்காலம் ஆனால் ஷூ கழற்ற முடியவில்லை. ஹோட்டலில் கொடுத்த ஷூ அப்படி. ஆள் மெலிந்திருக்கிறேன், பாவாடை மட்டும் இடுப்பில் இறுக்குகிறது. தைக்கிறவன் அளவெடுக்கும்போது எங்கே பார்த்தானோ.

படத்தை இதோடு வைத்திருக்கிறேன். எடுத்தவன் ஒரு அரைவேக்காடு. “மேடம், கொஞ்சம் தூங்கி எழுந்து வாங்களேன்” என்றான். நீ அதைச் சரிசெய். சோர்ந்த மூஞ்சி அட்டையில் இருக்கக்கூடாது. உடல்தகுதி பார்த்துத்தான் புதுப்பிக்கிறார்கள். என் நாற்காலிக்கு இங்கே ஒருத்தி அளவெடுத்துக்கொண்டிருக்கிறாள் என்பது நினைவிருக்கட்டும்.

அத்தை

மே 3

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் ஷூவை ஒரு அளவு பெரிதாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் இங்கே வழக்கம் போல் இருக்கிறோம்.

முதலில் பாதம். அப்பா தூங்கும்போது அமுக்கினேன். ரப்பர் பந்து மாதிரி உடனே மேலே வந்தது. இரண்டு காலும் அப்படித்தான். எலும்பும் தோலுமான கால். தடித்த வாகு எல்லாம் இல்லை. தூக்கத்திலேயே என்னை உதைத்தார்.

படம் முடிந்துவிட்டது. பிரிண்ட்கள் இதோடு இருக்கின்றன. எங்கள் முதலாளிக்கு ஒரு முறை உண்டு. முகத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தால் பாவம் பார்ப்போம், நேரமாகும் என்பார். அதனால் படத்தைத் திறந்ததும் முதலில் கண்ணைப் பெரிதாக்கி வெளுக்க வேண்டும். பிறகு பல். பிறகு கண்ணுக்குக் கீழே உள்ள கறுப்பு. எல்லாம் முடிந்த பிறகுதான் முழு முகத்தைத் திரையில் கொண்டுவந்து பார்க்க வேண்டும். எனக்குக் கை பழகிவிட்டது. உங்கள் படத்தையும் முடித்துவிட்டுத்தான் பார்த்தேன். பத்து வயது குறைந்து இருந்தீர்கள்.

முதலாளி எட்டிப் பார்த்து, “யாரு இந்த அம்மா, டீச்சரா? பாத்தாலே பயமா இருக்கு” என்றார். இந்த ஸ்டுடியோவில் ஒரு முகத்தைப் பற்றி அவர் சொன்ன ஒரே உண்மை அது.

உங்கள் மருமகள்

மே 29

மருமகளே,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. கோபத்தில் இருக்கிறேன்.

அட்டை அலுவலகத்தில் உன் படத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் ஒரு மீசை. படத்தை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். கீழே வைத்தான். மறுபடி பிடித்தான்.

“இது நீங்க இல்லம்மா.”

“பின்ன உங்கம்மாவா?”

“கோவப்படாதீங்க. மூக்கு வாயெல்லாம் நீங்கதான். கண்ணு வேற யாரோடதோ.”

வரிசையில் நின்றவர்களெல்லாம் என் கண்ணை எட்டிப் பார்த்தார்கள். கடைத்தெருவில் மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல. நான் அவனைப் பற்றி மேலே எழுதிக் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். டச்சப் செய்யாத படம் வேண்டுமாம். நான் அனுப்பியதை அப்படியே பிரிண்ட் போட்டு அனுப்பு. உங்கள் ஊர் வெளுப்பு வேலையெல்லாம் வேண்டாம்.

இந்த வாரம் எல்லாமே இப்படித்தான். விரிப்புக் கட்டின் மேல் சாய்ந்தவள் தூங்கிப்போய்விட்டேன். இஸ்திரிக்காரி மேனேஜரைக் கூட்டிவந்து காட்டியிருக்கிறாள். கதவில் லேசாக இடித்ததற்குக் கையில் இவ்வளவு பெரிய நீலம். ஹோட்டல் கதவுகூட என்னைக் கண்டால் பாய்கிறது.

அத்தை

ஜூன் 6

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று இந்தத் தடவை உண்மையாகவே கேட்கிறேன்.

நீங்கள் கேட்டபடி டச்சப் செய்யாத பிரிண்ட் போடுவதற்காக, முதலில் ஸ்கேன் செய்து வைத்திருந்த படத்தைத் திறந்தேன். இந்தத் தடவை வெளுக்க ஒன்றும் இல்லாததால் நேராக முகத்தைப் பார்த்தேன். உங்கள் கண் மஞ்சளாக இருந்தது.

படம் எடுத்தவர் விளக்கு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அப்பா குடை கொடுக்க வந்தார். நான் மறந்துவிட்டு வந்த குடை. பின்னறைக்குள் வந்து என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார்.

“யாரு, அக்காவா? கண்ணு ஏன் இப்படி இருக்கு?”

“வெளிச்சம் அப்படி விழுந்திருக்குப்பா.”

“காலர் வெள்ளையாத்தான இருக்கு. வெளிச்சம் கண்ணுல மட்டுமா விழும்?”

நான் காலரைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எங்கூடக் குடிச்ச லாரிக்காரனுக்கு இப்படித்தான் ஆச்சு. தூக்கமில்லாதவன் கண்ணுன்னு நாங்க எல்லாரும் கேலி பண்ணிச் சிரிச்சோம். அவனும் சிரிச்சான், ஒரு மாசத்துல போய்ச் சேந்துட்டான்.” கையிலிருந்த குடையை மடியில் வைத்துக்கொண்டார். “அவ குடிக்கறது இல்லையேடி.”

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதங்களை எடுத்துப் படித்தேன். அரிப்பு. எண்ணெய் வாடைக்குக் குமட்டல். மெலிந்து போனது. பாவாடை இறுக்குவது. ஷூ. பகலில் தூக்கம். கதவு இடித்த நீலம். ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா அப்பாவிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் உங்கள் கடிதங்களில் இருக்கிறது. நான்தான் அவர் கேட்டதை வரி விடாமல் உங்களுக்கு எழுதினேன். சிரிப்பாக இருக்கட்டும் என்று எழுதினேன். நீங்கள் படித்தீர்கள். ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று நாள் கழித்துப் போகலாம், வாரக்கடைசியில் போகலாம் என்று எண்ணாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்தப் பெயரில்லாத மாத்திரையை நிறுத்துங்கள். டப்பாவை டாக்டரிடம் காட்டுங்கள். பிரிண்ட் நான் அனுப்பவில்லை.

உங்கள் மருமகள்

ஜூன் 19

எட்டாவது வரை படித்த டாக்டரம்மாவுக்கு,

நான் நலமாகவே இருக்கிறேன். இதை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டு மூன்றாவது முறையாக எழுதுகிறேன்.

தவளைக்குக் கழுத்து வைக்கச் சொன்னால்கூட வைத்துக் கொடுக்கிற ஸ்டுடியோவில் உட்கார்ந்துகொண்டு எனக்கு வியாதி கண்டுபிடிக்கிறாய். உதவிக்கு உன் அப்பன். பாட்டிலுக்குள் பார்த்தே பழகிய கண்ணுக்கு எல்லாம் அந்த நிறத்தில்தான் தெரியும். நான் ஒரு சொட்டு தொட்டவள் இல்லை. ஒழுக்கமாக இருந்தவளுக்கு வரும், ஊரெல்லாம் விழுந்து கிடந்தவனுக்கு வராது என்றால், அந்த ஈரலுக்கு என்ன நியாயம் இருக்கிறது?

மாத்திரையில் இலைதான் இருக்கிறது. இலை யாரையும் கொன்றதில்லை. நான் விடுப்பு எடுத்தால் மறுநாள் அந்த இஸ்திரிக்காரி சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். படத்தை அனுப்பு. வேறு எதுவும் எழுதாதே.

அத்தை

ஜூன் 25

அத்தைக்கு,

நலம் விசாரிக்கவில்லை. நீங்கள் உண்மை சொல்லமாட்டீர்கள்.

இதுவரை உங்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. எதிரில் நின்றால் இப்போதும் பேசமாட்டேன். அதனால் எழுதுகிறேன். இலை யாரையும் கொல்லாது என்று துணிக் கணக்கு பார்க்கிறவர் எப்படிச் சொல்லலாம்? அரளியும் இலைதான். அந்த டாக்டரின் பேச்சை நீங்கள் ஒருத்திதான் கேட்டதாக எழுதினீர்கள். கேட்டுவிட்டு எல்லா அறிகுறியையும் அப்பாவின் உடம்பில் தேடச் சொன்னீர்கள். மற்றவர்கள் தூங்கினார்கள். நீங்கள் விழித்துக்கொண்டே அதைச் செய்தீர்கள்.

என் படம் பொய், அப்பாவின் கண் பொய், அந்த மீசைக்காரர் பொய். சரி. உங்கள் கண்ணையாவது நம்புங்கள். துணி அறையில் பிரிக்காத புதுத் தலையணை உறை ஒன்றை எடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் கண்ணாடி முன்னால் நின்று, உறையைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடியுங்கள். இமையை இழுத்து இரண்டையும் பாருங்கள். அந்தக் கண் ஒரு விரிப்பாக இருந்தால் இஸ்திரிக்காரியிடம் என்ன சொல்வீர்களோ, அதை உங்களிடம் சொல்லிக்கொள்ளுங்கள்.

அப்பா வெள்ளிக்கிழமை ரயிலில் கிளம்புகிறார். வழியில் குடிக்கமாட்டேன் என்றார். நான் நம்பவில்லை. ஆனால் பூட்டு ரிப்பேர் சாமான்களையும் எடுத்து வைத்திருக்கிறார். நீங்கள் அறைக் கதவைத் திறக்காவிட்டால் அவரே திறந்துகொள்வாராம்.

மருமகள்

ஆகஸ்ட் 11

மருமகளே,

எனக்கு நலமில்லை.

எழுதிப் பார்த்தால் இவ்வளவுதான் இருக்கிறது, ஒரு வரிகூட முழுதாக வரவில்லை. இதற்காகவா இத்தனை மாதம் மெனக்கெட்டேன்?

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். இங்கே விரிப்பு மாற்றுகிறவள் கட்டிலின் மூலையை மடிக்கத் தெரியாதவள். அவளுக்கு இரண்டு தடவை சொல்லிக்கொடுத்தேன், மூன்றாவது தடவை ஓடிவிட்டாள். டாக்டர் சொன்னதைச் சொல்கிறேன். ஈரல் நன்றாகவே அடிபட்டிருக்கிறது. அந்த மாத்திரைதான் என்று டப்பாவை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துச் சொன்னார்கள். நிறுத்தியாயிற்று. ரத்தத்தில் இருந்த விஷம் இறங்கிக்கொண்டு வருகிறது. முழுதாகச் சரியாகுமா என்று இப்போது சொல்லமாட்டார்களாம். இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை என்று மட்டும் சொன்னார்கள். இஸ்திரிக்காரியும் அதையேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாளாம். நேற்று பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வந்தவள் என்னைப் பார்த்து அழுதாள். சாவி அவள் இடுப்பில் இருந்தது. கண்ணைக் காட்டு என்றேன். வெள்ளையாகத்தான் இருந்தது. விரிப்பை மட்டும் ஒழுங்காகப் பார் என்று அனுப்பிவிட்டேன்.

தலையணை உறையைப் பிடித்துப் பார்த்தேன். உன் அப்பன் வருவதற்கு முன்பே பார்த்துவிட்டேன், அதைத் தெரிந்துகொள். அவன் வந்து கதவைத் தட்டியபோது நான் பையைக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்த் திறக்கத்தான் முடியவில்லை. அவனே திறந்துகொண்டு வந்தான். சத்தமே இல்லாமல். அந்த வேலை மட்டும் அவனுக்கு வரும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீ கேட்கமாட்டாய். ஜனவரியிலேயே என் காலில் குழி விழுந்தது. அந்த டாக்டர் பேசும்போது மேஜைக்கு அடியில் ஷூவைக் கழற்றி அமுக்கிப் பார்த்தேன். அவர் சொன்னபடியே நின்றது. அவனுக்கும் அப்படி இருக்கிறது என்று நீ எழுதியிருந்தால், இது எங்கள் குடும்பத்துக் கால் என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். தூங்கிப் போயும் சேர்ந்திருப்பேன். ரப்பர் பந்து மாதிரி என்று எழுதினாய் பார், அன்றைக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

உன் அப்பன் இங்கேயே வராந்தாவில் கிடக்கிறான். எனக்கு வருகிற உப்பில்லாத சாப்பாட்டில் பாதியைத் தின்றுவிட்டுக் குறையும் சொல்கிறான். குடிக்கிறானா என்று வாயை ஊதச் சொல்லிப் பார்க்கிறேன். இதுவரை இல்லை. நாளைக்குத் தெரியாது. காலையில் டாக்டர் வருவதற்கு முன்னால் வந்து, கேட்காமலே போர்வையை விலக்கி, கட்டைவிரலால் என் பாதத்தை அமுக்குகிறான். பூட்டுக்குள் கம்பி விட்டுப் பார்ப்பதைப் போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு பார்க்கிறான். “நேத்தவிட சீக்கிரம் மேல வருதுக்கா” என்றான் இன்று. டாக்டர் என்னென்னவோ எண்களைச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அதெல்லாம் மனதில் நிற்கவில்லை. இவன் சொன்னதைத்தான் சாயங்காலம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். போயும் போயும் இவன் பேச்சை நம்ப வேண்டிய நிலைமை எனக்கு.

அத்தை